கையுறை இல்லாத கை: டயானா பற்றிய கேள்வி பதில்

வேல்ஸ் இளவரசி டயானா (1961–1997) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். ஒன்றையே பலர் கேட்ட இடங்களில் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: “இளவரசி டயானா” என்று எழுதினால் தவறு என்று ஒருவர் திருத்தினார். உண்மையா சார்?

முறைப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. பிரிட்டிஷ் அரச மரபில் சொந்தப் பெயருக்கு முன்னால் “இளவரசி” என்று போட்டுக்கொள்வது அரச குடும்பத்தில் பிறந்த பெண்களுக்கு உரியது. டயானா பிறந்தது ஸ்பென்சர் குடும்பத்தில். 1975-இல் அப்பா எட்டாவது ஏர்ல் ஸ்பென்சர் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆனபோது இவர் “லேடி டயானா” ஆனார். 1981 ஜூலை 29-இல் சார்லஸைக் கைப்பிடித்த பிறகு “வேல்ஸ் இளவரசி”. அது கணவர் வழியாக வந்த பட்டம். 1996 ஆகஸ்ட் 28-இல் மணமுறிவு ஆனதும் “ஹெர் ராயல் ஹைனஸ்” என்ற அடைமொழி போனது. பெயர் “டயானா, வேல்ஸ் இளவரசி” என்று மாறியது. பட்டம் பெயருக்குப் பின்னால் போவதுதான் மணமுறிவு பெற்றவர்களுக்கான வழக்கம். தேர்விலோ சான்றிதழிலோ எழுதினால் இந்த வடிவம். பேச்சில் “இளவரசி டயானா” என்று தாராளமாகச் சொல்லுங்கள். மக்கள் வைத்த பெயர் அது.

கேள்வி: எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பிடித்தார் என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? தொட்டால் பரவாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

இன்று தெரியும். அவர் கை கொடுத்த நாள் 1987 ஏப்ரல் 9. எய்ட்ஸுக்கான முதல் மருந்தான ஏஇசட்டிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கிருமி ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும், காயமில்லாத தோல் வழியாகப் பரவாது என்று மருத்துவர்கள் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனால் காதில் விழுந்தாலும் மனம் நம்பவில்லை. ஒரே தட்டில் சாப்பிட, பக்கத்தில் உட்கார, ஏன், சடலத்தைத் தூக்கக்கூட ஆட்கள் பயந்தார்கள்.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே பிரிட்டனில் முதன்முதலாக ஒரு பிரிவு தொடங்கியபோது திறந்துவைக்க வந்தவர் டயானா. அரச குடும்பப் பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் கையுறை போடுவது சாதாரண வழக்கம். கையுறை போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் வெறும் கையால் கை குலுக்கினார். கவனிக்க வேண்டிய இன்னொன்று: படமெடுக்கச் சம்மதித்த நோயாளி, தன் முகம் தெரியக் கூடாது என்றே சம்மதித்தார். அந்தப் படத்தில் நாம் பார்ப்பது அவருடைய முதுகைத்தான். நோயைவிட அவமானம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நூறு துண்டுப் பிரசுரம் செய்ய முடியாததை அந்தக் கைகுலுக்கல் செய்தது என்பது என் உறுதியான கருத்து.

தொழுநோயாளிகளிடமும் இதையே செய்தார். 1989-இல் இந்தோனேசியாவின் சிதானாலா மருத்துவமனையில் நோயாளிகளின் கைகளைப் பிடித்து, படுக்கையில் உட்கார்ந்து பேசினார்.

கேள்வி: அங்கோலாவில் கண்ணிவெடி வயலில் நடந்தது வெறும் படக் காட்சி, ஏற்கெனவே சுத்தம் செய்த பாதைதான் என்கிறார்களே?

சுத்தம் செய்த பாதைதான், அதில் மறைக்க எதுவும் இல்லை. சுத்தம் செய்யாத இடத்தில் யாரையும் நடக்க விடவே மாட்டார்கள். ஆனால் அந்தப் பாதை எவ்வளவு அகலம், எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் “வெறும்” என்ற சொல் வாயில் வராது.

வெடி அகற்றுபவர் சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு தடம் பிடித்து முன்னேறுவார். முதலில் கண்ணால் பார்த்து, இழுகம்பி (கால் தட்டினால் வெடியைத் தூண்டும் கம்பி) இருக்கிறதா என்று சோதித்து, செடிகொடியை வெட்டுவார். அடுத்து உலோகம் கண்டறியும் கருவி. அது ஒலித்த இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மண்ணைத் தோண்டத் தொடங்கி, பக்கவாட்டில்தான் பொருளை அணுக வேண்டும். மேலிருந்து தோண்டினால் அழுத்தம் நேரே வெடியின் தலையில் விழும். ஆள்கொல்லி வெடி காத்திருப்பதே அந்த அழுத்தத்துக்குத்தான். வேலை இழுத்தடிக்கக் காரணம், கருவிக்கு வெடியும் ஆணியும் தோட்டா உறையும் ஒன்றுதான். ஒலித்த ஒவ்வோர் இடத்தையும் அதே பொறுமையோடு தோண்டியாக வேண்டும். இரும்புச் சத்து மிகுந்த மண் என்றால் கருவி ஓயாமல் கத்தும். பிளாஸ்டிக் உறை வெடியில் உலோகம் மிகக் குறைவு என்பதால் மெலிதாகத்தான் ஒலிக்கும். கிடைத்த வெடியைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வெடிக்க வைப்பார்கள்.

1997 ஜனவரி 15-இல் ஹுவாம்போ நகரில் டயானா நடந்தது அப்படி ஒரு தடத்தில். மார்புக் கவசமும் முகக் கவசமும் போட்டிருந்தார். தடத்துக்கு இருபுறமும் கை வைக்காத மண். ஹேலோ டிரஸ்ட் என்ற வெடி அகற்றும் அமைப்பு வழிகாட்டியது. பயணத்தை ஏற்பாடு செய்தது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம். படக்காரர்களுக்காக இரண்டாம் முறையும் நடந்தார். ஆமாம், படத்துக்காகத்தான். படம் உலகம் முழுக்கப் போக வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம்.

அப்போது பிரிட்டனில் ஆளுங்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் அரசு கண்ணிவெடிகளை முழுவதுமாகத் தடை செய்யத் தயாராக இல்லை. இளைய அமைச்சர் ஒருவர், இவர் கட்டுக்குள் நிற்காமல் பேசுகிறார் என்று பத்திரிகையிடம் குறைபட்டார். டயானா பின்வாங்கவில்லை. ஜூன் 12-இல் லண்டனில் இதைப் பற்றி உரையாற்றினார். ஆகஸ்டில் போஸ்னியா போய், காலிழந்தவர்களின் வீடுகளில் உட்கார்ந்து பேசினார். அதுதான் அவருடைய கடைசிப் பொதுப்பணி. அவர் இறந்த மறுநாள், செப்டம்பர் 1-ஆம் தேதி, தடை ஒப்பந்தத்தின் வாசகத்தை இறுதி செய்யும் மாநாடு ஆஸ்லோவில் தொடங்கியது. டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை டயானா கொண்டுவந்தார் என்று எழுதாதீர்கள். 1992 முதல் பாடுபட்ட சர்வதேச இயக்கமும், பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்திய கனடாவும்தான் கொண்டுவந்தன. அந்த இயக்கமும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸும் 1997-இன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதிகாரிகளின் மேசையில் கிடந்த பிரச்சினையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் டயானா.

கேள்வி: இந்த ஒப்பந்தத்தில் இலங்கை இருக்கிறதா? யாழ்ப்பாணப் பக்கம் இன்னும் மிதிவெடி எடுக்கிறார்கள்.

இருக்கிறது. 2017 டிசம்பரில் சேர்ந்தது. டயானாவை அழைத்துச் சென்ற அதே ஹேலோ டிரஸ்ட் 2002 முதல் வடக்கில் வேலை செய்கிறது. பழைய போர்முனையான முகமாலை, உலகிலேயே வெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அங்கே மண்டியிட்டு மண் கிளறியவர்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள், போரில் குடும்பத்தின் ஆண்துணையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தியா இன்னும் சேரவில்லை.

கேள்வி: டயானாவின் நீலக்கல் மோதிரம் மாதிரியே வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். அளவு சொல்லுங்கள்.

நடுவில் 12 காரட் நீள்வட்ட இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரம், 18 காரட் வெள்ளைத் தங்கம். இங்கே “காரட்” இரண்டு பொருளில் வருவதை வாடிக்கையாளருக்குப் புரிய வையுங்கள். கல்லில் அது எடை: 1 காரட் 0.2 கிராம், எனவே கல் 2.4 கிராம். தங்கத்தில் அது தரம்.

12 காரட் கல் விரலில் உயரமாக நிற்கும். தினமும் போட்டால் கல்லைப் பிடித்திருக்கும் உலோகப் பற்கள் புடவை நூலில் மாட்டி நாளடைவில் தளரும். பாதி எடையில் செய்தாலே தோற்றம் வந்துவிடும். “இலங்கைக் கல்” என்று விற்பவர் சொன்னால் போதாது. பிறந்த இடமும், சூடேற்றியதா இல்லையா என்பதும் எழுதிய ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு தேயும், மறுபூச்சு போட வேண்டிவரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கராட் என்ற லண்டன் நகை நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் இருந்த மோதிரம் அது. பணம் இருந்தால் யாரும் வாங்கியிருக்கலாம். அரண்மனையில் சிலருக்கு அதுவே குறையாகப் பட்டதாம். இன்று அது வில்லியமின் மனைவி கேத்தரின் விரலில் இருக்கிறது.

கேள்வி: கல்யாண உடை ஏன் அவ்வளவு கசங்கியிருந்தது?

துணியும் வண்டியும் காரணம். தந்த நிறப் பட்டு டஃபேட்டா; மடித்தால் கோடு விழும், கையால் நீவினால் போகாது. பின்தொங்கல் மட்டும் 25 அடி, ஏறக்குறைய 7.6 மீட்டர். அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பக்கத்தில் உடல் பருத்த அப்பாவோடு சிறிய கண்ணாடிக் கோச் வண்டியில் வந்தார். உடையை வடிவமைத்தவர்கள் வண்டியின் உள்ளளவைக் கணக்கில் எடுக்கவில்லை.

கேள்வி: டயானாவின் உயிரைப் பறித்த பாரிஸ் கார் விபத்து உண்மையில் விபத்துதானா? எத்தனையோ வீடியோ பார்த்துவிட்டேன்.

வீடியோக்களை விட்டுவிட்டு விசாரணை முடிவைப் படியுங்கள். பிரெஞ்சு விசாரணை ஒன்று, லண்டன் காவல்துறையின் “ஆபரேஷன் பேஜட்” ஒன்று, கடைசியாக ஆறு மாதம் நடந்த மரண விசாரணை ஒன்று. கொலைச் சதிக்கு ஆதாரம் எதிலும் கிடைக்கவில்லை. 2008 ஏப்ரல் 7-இல் நடுவர் குழு சொன்னது “சட்டவிரோத மரணம்”. அவர் வந்த மெர்சிடிஸ் காரின் ஓட்டுநரும், பின்தொடர்ந்த வண்டிகளை ஓட்டியவர்களும் காட்டிய படுமோசமான கவனக்குறைவே காரணம் என்றது. ஓட்டுநர் குடித்திருந்தார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள ஆல்மா சுரங்கப் பாதையில் 100-ஐத் தாண்டி ஓட்டி, 13-ஆவது தூணில் மோதினார்.

டயானாவுக்கு வெளிக்காயம் பெரிதாக இல்லை. திடீரென நின்ற வேகத்தில் இதயம் இடம் பெயர்ந்து, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரை கிழிந்தது. சீட் பெல்ட் போடவில்லை. மரணத்துக்குத் துணைபோன காரணங்களில் அதையும் நடுவர் குழு எழுதியது. இதைப் படிக்கும் வீட்டில் யாராவது பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்பவர் இருந்தால், இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: டயானா பிபிசிக்குக் கொடுத்த பேட்டி ஏமாற்றி எடுக்கப்பட்டதாமே?

ஆமாம். 1995 நவம்பர் 20-இல் ஒளிபரப்பானது. போலி வங்கிக் கணக்குத் தாள்களைத் தயாரித்து டயானாவின் தம்பியிடம் காட்டி, அவர் வழியாக டயானாவை அடைந்தார் செய்தியாளர் மார்ட்டின் பஷீர். 2021 மே மாதம் வெளியான, பிபிசி அமர்த்திய முன்னாள் நீதிபதி டைசன் பிரபுவின் அறிக்கை இதை உறுதி செய்தது. பேட்டியில் டயானா சொன்ன சொற்கள் அவருடையவைதான். அவரை உட்கார வைத்த வழிதான் அழுகியது.

கேள்வி: மகாராணி கொடியை இறக்க மறுத்தது கோபத்தாலா?

டயானா இறந்த அந்த வாரம் பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பத்தில் கொடியே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே பறந்தது அரசக் கொடி மட்டும். அதுவும் மன்னர் உள்ளே இருக்கும்போது மட்டும். மகாராணி அப்போது ஸ்காட்லாந்தின் பால்மோரலில் இருந்தார். அரசக் கொடி யாருக்காகவும் அரைக்கம்பத்துக்கு இறங்காது, ஏனென்றால் அரியணை ஒரு கணமும் காலியாவதில்லை. மக்கள் கண்ணுக்கு வெறும் கம்பம் கல்நெஞ்சமாகத் தெரிந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. செப்டம்பர் 6, இறுதிச் சடங்கு நாளில், நாட்டின் தேசியக் கொடியான யூனியன் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அன்றிலிருந்து, மன்னர் இல்லாத நாட்களில் யூனியன் கொடி பறப்பதே வழக்கமாகிவிட்டது.

கேள்வி: லண்டன் போகிறோம், அக்கா குடும்பத்தோடு. டயானா நினைவாக எதைப் பார்க்கலாம்?

ஒரு பகல் போதும். காலையில் ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கி கென்சிங்டன் அரண்மனைக்கு நடங்கள். பள்ளத் தோட்டத்தில் 2021 ஜூலை 1-இல், அவருடைய 60-ஆவது பிறந்தநாளில், மகன்கள் இருவரும் திறந்த சிலை இருக்கிறது. அரண்மனையை ஒட்டிய கென்சிங்டன் பூங்காவின் வடமேற்கு மூலையில் குழந்தைகளுக்கான டயானா விளையாட்டுத் திடல், நடுவே மரக்கப்பலோடு. அக்கா பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமம்.

பிறகு கிழக்கே ஹைட் பார்க்கில் நினைவு நீரூற்று. பீய்ச்சி அடிக்கும் ஊற்று என்று நினைத்துப் போகாதீர்கள். 545 கார்ன்வால் கருங்கல் துண்டுகளை இணைத்துச் செய்த நீள்வட்ட ஓடை. மேட்டில் எழும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் துள்ளியும் மறுபக்கம் அமைதியாகவும் ஓடி, கீழே குளத்தில் சேர்கிறது. 2004 ஜூலையில் திறந்த சில வாரங்களிலேயே மூட வேண்டியதாயிற்று. விழுந்த இலைகள் அடைத்துத் தண்ணீர் வழிந்தது, ஈரக் கல்லில் நடந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள், சுற்றியிருந்த புல்தரை கூட்டத்தின் காலடியில் சேறானது. பிறகு வழுக்கும் இடங்களைச் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டார்கள். இன்றும் விதி அதுவே: விளிம்பில் உட்கார்ந்து கால் நனைக்கலாம், கல்லில் நடக்கக் கூடாது.

கல்லறை லண்டனில் இல்லை. நார்தாம்டன்ஷயர் மாவட்டத்தில், ஸ்பென்சர் குடும்பத்தின் ஆல்தார்ப் எஸ்டேட்டில், ஏரி நடுவே ஒரு தீவில் இருக்கிறது. எஸ்டேட் பொதுமக்களுக்குத் திறப்பது கோடையில்தான். தேதி பார்த்து முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். தீவுக்குள் யாரையும் விடுவதில்லை. கரையிலுள்ள சிறு நினைவு மண்டபத்தில் நின்று பூ வைக்கலாம்.

கேள்வி: பாரிஸில் தங்கச் சுடர் ஒன்று டயானாவுக்காகக் கட்டினார்களாமே?

இல்லை. அது 1989-இலேயே வைத்தது, அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தச் சுடரின் நகல். விபத்து நடந்த சுரங்கத்தின் மேலேயே இருந்ததால் மக்கள் அங்கே பூ வைக்கத் தொடங்கினார்கள்; இன்றும் வைக்கிறார்கள்.

கேள்வி: அவர் நடந்த அந்தக் கண்ணிவெடி வயல் இப்போது எப்படி இருக்கிறது?

தெருவாக இருக்கிறது. வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடமும் வந்துவிட்டன. 2019 செப்டம்பரில் ஹாரி அங்கே போனபோது, அம்மா கவசத்தோடு நடந்த இடத்தில் அவர் சாதாரணச் சட்டையோடு நடந்தார். அதே நாளில், தென்கிழக்கே டிரிகோ என்ற ஊருக்கு வெளியே இன்னும் அகற்றி முடியாத ஒரு வயலுக்கும் போனார். அங்கே அவரும் கவசம் போட வேண்டியிருந்தது.