தம்பிக்காக 14416-க்கு அடித்தால் கன்னடம்தான் வருகிறது: பதில்

பெங்களூரிலிருந்து தம்பிக்காக 14416-க்கு அடித்தால் கன்னடம்தான் வருகிறது, தமிழில் பேச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்; 9 கேள்வி கேட்ட ஓர் ஆப்பில் அவனுக்கு "லேசான மனச்சோர்வு" என்று வந்ததையும் சொல்லியிருந்தீர்கள். தமிழிலேயே பேசலாம். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; அதில் ஆள் எடுப்பதற்கு முன்னால் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும் பதிவுக்குரல் வரும், அதில் தமிழும் உண்டு. அழைப்பு அந்தந்த மாநில மையத்துக்குத்தான் போகும்; பெங்களூரிலிருந்து அடித்து மொழி கேட்கும் அந்த இடத்தைத் தவறவிட்டதால்தான் கன்னடம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரைப் போட்டு, எண் அழுத்தும் பலகையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி அடியுங்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. தம்பி வாய் திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அவனுக்காக நீங்களே பேசலாம்.

அப்புறம், ஆப்பில் "லேசான மனச்சோர்வு" என்று வந்ததை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த 9 கேள்விகள் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்கிற கேள்வித்தாளாகத்தான் இருக்க வேண்டும். அது கடைசி இரண்டு வாரத்துச் சோர்வு, தூக்கம், பசி மாதிரி விஷயங்களைத்தான் கேட்கும், காதில் குரல் கேட்கிறதா, யாராவது கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா என்று கேட்கவே கேட்காது. உங்கள் தம்பியோ போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். போனில் முதலில் இதைச் சொல்லுங்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து. அவனிடம் "அதெல்லாம் பிரமை" என்று வாதாட வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்று, போனில் பேசுவது டாக்டர் நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. சாகணும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும், சாப்பாடு தண்ணீரை நிறுத்தினாலும், அன்றைக்கே ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள், ராத்திரியானாலும் சரி.