மர மில்லில் கிடைக்கும் மரத்தூளையும் சில்லுகளையும் நிலத்துக்குப் போடலாமா?

கேட்டவர் சொன்ன விவரம்: 2 ஏக்கர் செம்மண், கிணற்றுப் பாசனம், பக்கத்து மர மில்லில் தூளும் சில்லும் சும்மா தருகிறார்கள். உழுது மண்ணோடு கலந்துவிடலாமா?

போடலாம், ஆனால் உழுது கலக்காதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கத்தரிக்குப் பாத்தி எடுக்கும்போது, பத்து மூட்டை மரத்தூளைக் கொட்டி மண்வெட்டியால் கொத்திக் கலந்தேன். நட்ட மூன்றாம் வாரமே அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகின. செடி ஒரு சாணுக்கு மேல் எழும்பவே இல்லை. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் வேறு அடித்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "பூச்சியுமில்ல ஒண்ணுமில்ல தம்பி, பட்டினி கெடக்குது" என்றார்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம் (கார்பன்). 100 கிலோ தூளில் 50 கிலோ கரிமம் இருந்தால், தழைச்சத்து (நைட்ரஜன்) கால் கிலோ தேறுவதே பெரிது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கோ 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்தாவது வேண்டும். தூளில் இல்லாததை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. எல்லாம் மக்கிய பிறகு அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும்தான். அதற்குள் கத்தரி போய்ச் சேர்ந்துவிடும்.

அதே சில்லை மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போட்டால் இந்த வம்பு இல்லை. மண்ணைத் தொடும் அந்த மெல்லிய அடுக்கில் மட்டும்தான் இழுபறி நடக்கும், வேர் அதற்குக் கீழே இருக்கிறது. மேலாக முளைக்கும் களைகள்தான் திணறும், அது நமக்கு லாபம்.

மில் சில்லைவிடக் கிளைச் சில்லு நல்லது. கனடாவின் கியூபெக்கில் லாவல் பல்கலைக்கழகத்தார் இதையே தனியாக ஆராய்ந்தார்கள்: 7 செ.மீ.க்குள் பருமனுள்ள கிளைகளை மட்டும் பொடித்துப் போடுவது. அடிமரத்தைவிட இளங்கிளையில் பட்டையும் மொட்டும் அதிகம், சத்தும் அதிகம். நான் வேலியோரக் கிளைரிசிடியாவையும் வேம்பையும் கவாத்து செய்து, தென்னை மட்டை தூளாக்கும் மிஷின் வாடகைக்கு வரும்போது அதிலேயே விட்டு எடுத்துவிடுவேன். எலுமிச்சை மரங்களைச் சுற்றி நான்கு விரல் கனம். இரண்டு மழைக்காலம் கழித்துக் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே சருகு போல உலர்ந்த சில்லு, அடியில் வெள்ளை நூல் பின்னிய பூஞ்சை, அதற்கும் கீழே மண்புழு எச்சம் மிளகு மிளகாகக் குவிந்து கிடந்தது. முன்பு கடப்பாரை கேட்ட மண்ணில் விரல் இறங்கியது.

தொல்லையும் உண்டு. கோடையில் பெய்யும் சின்னத் தூறலைச் சில்லே குடித்துவிடும், மண்ணுக்குச் சொட்டு இறங்காது. அதனால் சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில் ஓடவிடுங்கள். கறையான் நிச்சயம் வரும். காய்ந்த சில்லைத் தின்றுவிட்டுப் போகட்டும், ஆனால் கன்றின் தண்டிலிருந்து அரையடி தள்ளியே போடுங்கள். தென்னை இருந்தால் மக்கும் குவியலை மாதக்கணக்கில் ஓரத்தில் விட்டுவைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும்.

சரி, தூளை என்ன செய்வது? தென்னை நார்க்கழிவை மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும். மரத்தூளுக்கும் நான் அந்த வழியில்தான் போகிறேன், யூரியாவுக்குப் பதில் சாணிக் கரைசலைத் தாராளமாக ஊற்றி. அவசரப்படாமல் ஆறேழு மாதம் விட்டு, கருத்து, மண்வாசம் வந்த பிறகுதான் பாத்திக்குப் போகும்.

அப்புறம் ஒன்று, மில்லில் என்ன அறுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அள்ளுங்கள். பிளைவுட்டில் பசை, பழைய கதவு நிலையில் பெயின்ட். எங்கள் மில்காரரிடம் வேம்பு, வாகை அறுக்கும் நாளில் மட்டும் போன் போடச் சொல்லியிருக்கிறேன். சாக்கு நம்முடையது, அங்கே அள்ளித் தரும் பையனுக்கு டீக்காசு.