கேள்வி பதில்: மயில் கழுத்துல வெள்ளிக் கோடு ஏன் தெரியுது?

கே: நவராத்திரி ரிட்டர்ன் கிஃப்டுக்கு எவர்சில்வர் டப்பா மூடியில ஒட்ட மயில் ஸ்டிக்கர் பண்றேன். இன்க்ஸ்கேப்ங்கிற டிராயிங் சாஃப்ட்வேர்ல நாலு கலர்ல வரைஞ்சேன், ஸ்க்ரீன்ல அம்சமா இருக்கு. ஒவ்வொரு கலரையும் வினைல்ல (ஸ்டிக்கர் ஷீட்) கட்டிங் மெஷின்ல வெட்டி ஒட்டினா கலருக்கு நடுவுல டப்பா கோடு கோடா பளபளன்னு தெரியுது. மெஷின்ல கோளாறா?
- ஒரு வாசகி, மதுரை

ப: மெஷின் நல்லாத்தான் வெட்டுதுங்க. பச்சை முடியுற அதே கோட்டுல நீலம் ஆரம்பிக்கிற மாதிரி வரைஞ்சிருப்பீங்க, பிரிண்ட்டுக்கு அது சரி, ஆனா இங்க ஒவ்வொரு கலரையும் கையால ஒட்டுறோம், அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அடியில இருக்கிற எவர்சில்வர் எட்டிப் பாத்துடும். அதனால வரையறதுக்கு முன்னாடியே எது அடி, எது மேலன்னு முடிவு பண்ணிடணும்.

தோகைக் கண்ணை எடுத்துக்கோங்க. அடியில தங்கக் கலர், ஓட்டையே போடாம முழுசா. அது மேல பச்சை, அதுவும் முழுசா. மேல நீலப் பொட்டு. சின்ன வடிவம்தானே, மூணு அடுக்கு தாங்கும். ஆனா மயில் உடம்பு மாதிரி பெருசா இருக்கிற இடத்துல இப்படி அடுக்கினா தடிச்சுப் போய் ஓரத்துல காத்து நிக்கும், அங்க மட்டும் மேல வர்ற நீலத்தை ஒரு காப்பி எடுத்து பாத் மெனுவுல இருக்கிற இன்செட்டால ஒரு மில்லிமீட்டர் சுருக்குங்க, அந்தக் காப்பியை வச்சு பச்சையில டிஃபரன்ஸ் (மேல இருக்கிற வடிவத்தை அடியில இருந்து வெட்டி எடுக்கிறது) குடுங்க, பச்சையில விழற ஓட்டை நீலத்தை விட ஒரு சுத்து சின்னதா இருக்கும், நீலத்தோட ஓரம் பச்சை மேலயே உக்காந்துக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு தெரியாது.

இன்னொண்ணு, டிசைனுக்கு வெளியில ரெண்டு குட்டிச் சதுரம் போட்டு, எல்லா கலர்லயும் அதே இடத்துல வைங்க. ஒட்டும்போது சதுரத்து மேல சதுரம் பொருந்தினா மயிலும் பொருந்திடும், அப்புறம் சதுரத்தை உரிச்சு எடுத்துடலாம். கிரிகட் கட்டிங் மெஷினோட டிசைன் ஸ்பேஸ் சாஃப்ட்வேர்ல வெட்டுறீங்கன்னா ஒவ்வொரு கலரையும் அதோட சதுரத்தையும் சேர்த்து அட்டாச் (இடம் மாறாம பிணைக்கிறது) குடுக்க மறந்துடாதீங்க, இல்லன்னா வினைல் மிச்சம் பிடிக்க அது துண்டுகளை இடம் மாத்தி அடுக்கிடும். சைஸ் மாத்தணும்னா எல்லா கலரையும் ஒண்ணா செலக்ட் பண்ணித்தான் மாத்தணும்.

கே: டி ஷர்ட்டுக்கு மூணு கலர் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் வினைல் (சூடு காட்டி துணியில ஒட்டுறது) போட்டேன். முதல் கலர் சரியா உக்காந்துச்சு, ரெண்டாவது வைக்கும்போது பொருந்தவே இல்ல.
- வாசகர், சேலம்

ப: முதல் கலரையே முழு நேரமும் சூடு காட்டியிருப்பீங்க, அது சுருங்கியிருக்கும். அடி அடுக்குக்கெல்லாம் ரெண்டு மூணு செகண்ட் போதும், வினைல் மேல இருக்கிற பிளாஸ்டிக் ஷீட் உரியற அளவுக்குப் பிடிச்சா சரி, கடைசிக் கலருக்குத்தான் முழு நேரம். ஏற்கெனவே ஒட்டின கலர் மேல டெஃப்லான் ஷீட்டோ பட்டர் பேப்பரோ போட்டுக்கோங்க. க்ளிட்டர் இருந்தா அதை எப்பவும் கடைசியா மேல வைங்க, க்ளிட்டர் மேல வேற வினைல் சரியா பிடிக்காது.

கே: தமிழ்ல பேர் வெட்டினா எழுத்துக்கு நடுவுலயும் வெட்டு விழுது, புள்ளியெல்லாம் காணாமப் போகுது.
- வாசகி, திருச்சி

ப: எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற ஃபான்ட் எடுத்திருப்பீங்க. இன்க்ஸ்கேப்ல டைப் பண்ணி ஆப்ஜெக்ட் டு பாத் (எழுத்தை வடிவமா மாத்துறது) குடுத்து, அன்குரூப் பண்ணி, எல்லாத்தையும் யூனியன் பண்ணி ஒரே வடிவமாக்கிடுங்க, உள்ள விழற கோடு போயிடும். புள்ளி ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா சுத்தி இருக்கிற வினைலை உரிக்கும்போது கூடவே வந்துடும், அதை மட்டும் தனியா கொஞ்சம் பெருசாக்குங்க. புள்ளி இல்லன்னா ‘கண்ணன்’ வேற என்னவோ ஆயிடும்ல! பேர் ரொம்பச் சின்னதுன்னா வெட்டினதும் உரிக்காதீங்க, மேல ட்ரான்ஸ்ஃபர் டேப்பை (வெட்டின வினைலை அப்படியே தூக்கி ஒட்டுற டேப்) ஒட்டி நல்லா தேய்ச்சு, திருப்பிப் போட்டு பின்பக்கப் பேப்பரை முதல்ல எடுத்துட்டு, அப்புறம் வேண்டாத வினைலை உரிங்க, புள்ளி டேப்லயே நின்னுடும்.