கஞ்சாக் களிம்பை வீட்டில் தயாரித்துப் பூசலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. இரு கைகளின் விரல் மூட்டுகளிலும் தேய்மானத்தால் வலி இருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்வதால், வலி மாத்திரைகள் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் வசிக்கும் நாட்டில் சொந்தத் தேவைக்குச் சில கஞ்சாச் செடிகளை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அவற்றின் பூக்களை எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்துக் களிம்பாக்கிப் பூசலாமா? போதை ஏறுமா?

பதில்: போதையைப் பற்றிய அச்சத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருள்களான டி.எச்.சி. (போதை தருவது), சி.பி.டி. (போதை தராதது) ஆகிய இரண்டும் கொழுப்பில் கரைபவை, நீரில் கரையாதவை. எனவே தோலின் வெளியடுக்கில் எளிதாகப் படிந்துவிடுகின்றன; அதற்குக் கீழே நீர்ச்சத்து மிகுந்த அடுக்குகளைக் கடந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சிறிதளவே. காயமோ வெடிப்போ இல்லாத தோலில் பூசும் சாதாரணக் களிம்பால் போதை ஏறுவது அரிது. ஆனால் போதையைத் தடுக்கும் அதே தோல்தான் மருந்து மூட்டுக்குள் செல்வதையும் தடுக்கிறது. இடுப்பு மூட்டைப் போல ஆழத்தில் இல்லாமல், விரல் மூட்டுகள் தோலுக்கு அருகிலேயே இருப்பது உங்களுக்குச் சற்றுச் சாதகமானது.

பயன் கிடைக்கும் என்று கருத அடிப்படை இல்லாமலில்லை. கஞ்சாவின் வேதிப்பொருள்கள் செயல்படும் ஏற்பிகள் மூளையில் மட்டுமன்றி, தோலிலும் வலியுணரும் நரம்புகளிலும் உள்ளன. அவற்றைத் தூண்டுவதற்கென நம் உடலே சுரக்கும் பொருள் ஒன்று 1992இல் கண்டறியப்பட்டபோது, ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சி.பி.டி. ஜெல் பூசியதில் வீக்கம் குறைந்ததாக 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் மனிதர்களிடம் நடந்த பூச்சு மருந்து ஆய்வுகள் மிகச் சிறியவை. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2021இல் சான்றுகளைப் பரிசீலித்து, வலிக்குக் கஞ்சாப் பொருள்களைப் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாது என்றே அறிவித்தது. ஆகவே இதைத் துணைப் பூச்சாக முயன்று பார்க்கலாமே தவிர, சிகிச்சையாக எண்ணிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

வீட்டுத் தயாரிப்பில் எனக்குள்ள பெரிய தயக்கம் அதன் வீரியத்தைப் பற்றியது. 10 கிராம் உலர்ந்த பூவில் டி.எச்.சி. 15 விழுக்காடு இருந்தால், 150 மில்லிலிட்டர் எண்ணெயில் மில்லிலிட்டருக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் இறங்கும். 5 விழுக்காடே இருந்தால் ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். உங்கள் பூவில் எவ்வளவு இருக்கிறது என்பது ஆய்வகத்தில் சோதித்தாலன்றித் தெரியாது. மேலும், பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி.யின் அமில வடிவம். அதைச் சுமார் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அது டி.எச்.சி.யாக விரைவில் மாறும், அதற்குக் குறைந்த வெப்பத்தில் மெதுவாகவே மாறும், வெப்பம் மிகுந்தால் டி.எச்.சி.யும் சிதையும். எண்ணெயை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். சாராயம், எரிவாயு போன்றவற்றால் சாறெடுக்கும் முறைகளின் பக்கம் போகவே வேண்டாம். அவற்றால் வீடுகள் தீப்பற்றியிருக்கின்றன, பலர் கடுமையான தீக்காயம் அடைந்திருக்கிறார்கள். பூவில் பூஞ்சை துளியும் இருக்கக் கூடாது. நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த களிம்பில் கிருமிகள் வளரும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, 2 நாள்கள் வரை சிவப்போ அரிப்போ வருகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் பூசப்போவது விரல்களில் என்பதை மறக்க வேண்டாம். முதுகில் பூசியது முதுகிலேயே இருக்கும். விரலில் பூசியது கண்ணுக்கும் வாய்க்கும் உணவுக்கும் போய்ச் சேரும். இரவில் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கி, காலையில் சோப்பால் கழுவிவிடுவது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் டப்பாவைப் பெயரெழுதிப் பூட்டி வையுங்கள். டி.எச்.சி.யை விழுங்கிய சிறு குழந்தை மணிக்கணக்கில் மயங்கிக் கிடக்கும், மூச்சும் தடைபடலாம். அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பயணத்திலும் இதை எடுத்துச் செல்லாதீர்கள். உங்கள் நாடு அனுமதிப்பது எல்லைக்கு அப்பால் குற்றமாக இருக்கலாம்.

வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் வேகத்தைச் சி.பி.டி. குறைக்கிறது. உட்கொள்ளும்போது இதனால் இரத்தம் உறைவது மேலும் தாமதமாகி, இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். தோல்வழி செல்லும் அளவு மிகக் குறைவு என்றாலும், உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, பூசத் தொடங்கிய ஓரிரு வாரங்களுக்குள், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். காரணமின்றித் தோல் கன்றிய தடமோ ஈறில் இரத்தமோ தெரிந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு அன்றே அவரைப் பாருங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். டைக்லோஃபினாக் என்ற வலிநிவாரணி ஜெல்லுக்குக் கை மூட்டுத் தேய்வில் நல்ல சான்று உண்டு. மாத்திரையோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது சுமார் 6 விழுக்காடுதான். வார்ஃபரின் எடுப்பவர் அதையும் தாமாகத் தொடங்கக் கூடாது என்றாலும், வீரியம் தெரிந்த மருந்து என்பதால் கண்காணிப்போடு அதையே முதலில் முயலச் சொல்வேன். கட்டைவிரலின் அடிமூட்டு வலித்தால் அதைத் தாங்கிப் பிடிக்கும் உறையும் உதவும். காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தாலோ அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் களிம்பைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.