ராத்திரி சிடி ஸ்கேனை யார் பார்ப்பது? கேள்வி பதில்

ஈரோட்டில் பல வருடமாக சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், அதாவது ரேடியாலஜிஸ்ட், நான். படங்களை இணையத்தில் வாங்கி ரிப்போர்ட் எழுதித் தரும் வெளியூர் டெலிரேடியாலஜி கம்பெனிகளுக்கு அனுப்புவதைக் குறைத்து, பக்கத்து ஊர் மருத்துவமனைகள் ஐந்தாறு சேர்ந்து உள்ளூர் ரேடியாலஜிஸ்ட்களைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று கேட்டிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

கோபி, மருத்துவமனை நடத்தும் டாக்டர்: கம்பெனிக்காரர்கள் அரை மணியில் ரிப்போர்ட் தருகிறார்கள். அப்புறம் எதற்குங்க இந்த வேலை?

வேகத்தைக் குறை சொல்ல மாட்டேனுங்க. ஆனால் ஒருமுறை என்னிடம் வந்த ரிப்போர்ட்டில் ‘பித்தப்பை இயல்பாக உள்ளது’ என்று இருந்தது. அந்த அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆயத்த வாசகத்தை மாற்ற மறந்திருப்பார்கள். எனக்கும் அது நேரலாம். ஆனால் ஆபரேஷன் செய்த சர்ஜன் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டுவார், பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டுத் திருத்திக் கொடுப்பேன். கம்பெனியைக் கூப்பிட்டால் கஸ்டமர் கேர்தான் எடுக்கும்.

திருப்பூர், மேலாளர்: ராத்திரி டியூட்டிக்கு யார் ஒத்துக்கொள்வார்கள்?

தனியாளாக இருந்தால் ஒருவரும் மாட்டார். ஆறு பேர் சேர்ந்தால் ஆறு நாளுக்கு ஒரு ராத்திரிதான். கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதுபோலத்தான். முறை தவறினால் இங்கேயும் சண்டை வரும். வீட்டிலிருந்தே பார்க்கலாம், நல்ல மானிட்டர் வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சிடி பார்த்துச் சொல்ல வேண்டும். அதை விடியட்டும் என்று வைக்க முடியாது. ஒன்று மட்டும்: விடிய விடிய பார்த்தவரைக் காலையில் மறுபடி டியூட்டிக்குக் கூப்பிடாதீர்கள். தீபாவளி, பொங்கலுக்குக் கம்பெனியையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வீம்பு கிடையாது.

தாராபுரம், டெக்னீஷியன்: அண்ணா, வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா?

போதாது தம்பி. சிடி படத்தில் 4096 சாம்பல் அளவுகள் வரை இருக்கும். போன் போட்டோவில் 256தான். மண்டையோட்டை ஒட்டி மெல்லிசாகப் படிந்த ரத்தம், நீ பிடித்த வெளிச்சத்தில் எலும்போடு கலந்து மறைந்துவிடும். ஸ்கேன் மெஷின் தரும் அசல் ஃபைல் (டைகாம் என்பார்கள்) கையில் இருந்தால்தான் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்து அதைப் பிரிக்க முடியும். சிடி உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும், ஒரு துண்டுப் படம் சுமார் அரை எம்பி. 500 துண்டு என்றாலும் 250 எம்பிதான். ஃபைபர் லைனில் வினாடிக்கு 50 மெகாபிட் மேலே ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். எல்லா மருத்துவமனையும் ஒரே சர்வரில் ஏற்றினால் நோயாளியின் பழைய படமும் அங்கேயே கிடைக்கும். பெயரும் வயதும் தெரிய படத்தைக் குரூப்பில் போடுவதையும் விட்டுவிடு.

பொள்ளாச்சி, ரேடியாலஜிஸ்ட்: பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாதிக் கூட்டணிகள் உடைவது இங்கேதான். எல்லாப் படத்துக்கும் ஒரே ரேட் வைத்தால், சுலபமான தலை சிடியை ஆளாளுக்கு அள்ளிக்கொள்வார்கள். முழு வயிற்று எம்ஆர்ஐ அனாதையாகக் கிடக்கும். கஷ்டத்துக்கு ஏற்ப புள்ளி வையுங்கள்: தலை சிடிக்கு ஒன்று என்றால், கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு எடுத்த வயிற்று சிடிக்கு மூன்று. ராத்திரிக்குத் தனிப் படி. மூட்டு எம்ஆர்ஐயில் கைதேர்ந்தவருக்கு மூட்டும், மார்பகப் படம் பார்ப்பவருக்கு அதுவும் போகட்டும். மாதம் ஒருநாள் உட்கார்ந்து படங்களில் தவறவிட்டதைப் பேசுங்கள். டீ, போண்டா செலவு பொதுக்கணக்கில்.

கோவை, முதுநிலை மாணவி: வேறு எங்காவது செய்திருக்கிறார்களா?

இங்கிலாந்தில் கிழக்கு மிட்லாண்ட்ஸ் பகுதி அரசு மருத்துவமனைகள் சேர்ந்து படங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கேயும் ரேடியாலஜிஸ்ட் தட்டுப்பாடுதான்.

சத்தியமங்கலம், மகப்பேறு டாக்டர்: அல்ட்ராசவுண்டும் இதில் வருமா?

வராதுங்க. அதில் டாக்டர் நேரில் வந்து கையை வைத்தாக வேண்டும். பாலினத் தேர்வுத் தடைச் சட்ட விதிப்படி, அல்ட்ராசவுண்ட் பார்க்கும் டாக்டர் ஒருவர் ஒரு மாவட்டத்தில் இரண்டு மையங்களில்தான் பதிவு செய்துகொள்ளலாம், ஐந்தாறு மருத்துவமனைக்குப் பகிர முடியாது. சிடி, எம்ஆர்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காங்கயம், நோயாளியின் மகன்: அப்பாவின் ரிப்போர்ட்டை எழுதியவரிடம் பேசலாமுங்களா?

கேட்டுப் பாருங்க. முதலில் ரிப்போர்ட்டின் அடியில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ஃபிலிமோடு, படங்களைப் பதிந்து கொடுத்த டிஸ்க்கையும் கொண்டுபோங்கள்.