பூப்போட்ட வாயில் (voile) துணியில் தையல் சுருங்கினால்

முதலில் ஊசியை மாற்றுங்கள். சிங்கப்பூர் அரபு ஸ்திரீட்டில் வாங்கிய பழைய பாணிப் பூப்போட்ட வாயிலில் குஷன் உறை தைத்தால், துவைக்கும் முன்பே தையலோரம் சுருங்குகிறது, இஸ்திரிக்கும் அடங்கவில்லை என்கிறீர்கள். ஜீன்ஸ் தைத்த 16ஆம் நம்பர் ஊசிதான் இன்னும் மெஷினில் இருக்கிறதாம். பெரும்பாலும் அதுதான் காரணம். வாயில், கெபாயாவுக்கு (மலாய்ப் பெண்கள் அணியும் மேற்சட்டை) எடுக்கிற மெல்லிய ரகம். தடி ஊசி இறங்கும்போது இழைகளை ஒதுக்கித் தள்ளி நெருக்கிவிடும்.

1. 9 அல்லது 11ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள்.

2. மிச்சத் துண்டை இரண்டாக மடித்து, 2 மி.மீ. தையலில் நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு ஓட்டிப் பாருங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்க வேண்டாம் (எல்லோரும் செய்கிற வேலைதான்!).

இரண்டுமே சுருங்கினால் மேல்நூல் டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) கொஞ்சம் தளர்த்துங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள். நீளவாக்கில் மட்டும் லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது துணியின் குணம்.

ஒன்று மட்டும்: துணியை நனைக்காமல் வெட்டியிருந்தால், இதெல்லாம் செய்தும் முதல் துவைப்பில் மறுபடி சுருங்கலாம். மீதித் துணியையாவது இப்போதே நனைத்துக் காயப்போடுங்கள், அடர்சிவப்புப் பூ இருந்தால் தனியாக.