சொந்தக் காரில் ஐந்தாறு நாடுகள்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இரண்டு மாத விடுப்பில் சொந்தக் காரில் ஐந்தாறு நாடுகள் போய்வர ஆசை. பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டாயிற்று. அடுத்து என்ன?

அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். இடங்களுக்குப் புள்ளி வைத்து, கோடு இழுத்து, கடைசியில் எல்லையைப் பற்றி யோசிப்பதால்தான் பாதித் திட்டங்கள் நடுவழியில் உடைகின்றன. எந்தச் சாவடி வழியாக, எந்தத் தேதிக்குள், காரோடு நுழைய முடியும் என்பது முதலில் தெரிய வேண்டும். விசா உங்களுக்கு மட்டும்தான். காருக்குச் சுங்கத்தில் தனி அனுமதி, தனிக் கெடு. உங்களுக்கு 60 நாள் கிடைத்த நாட்டில் காருக்கு 30 நாள்தான் கிடைக்கலாம். சில நாடுகளில் கார் உங்கள் பாஸ்போர்ட்டின் பேரில் பதிவாகும். வீட்டில் அவசரம் என்றாலும், காரைச் சுங்கத்தின் பொறுப்பில் விடாமல் விமானம் ஏற விடமாட்டார்கள்.

காரின் கடன் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கடன் கொடுத்தவரிடம் 'வெளிநாடு கொண்டுபோக ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வாங்குங்கள். கார் மனைவி பேரிலோ கணவர் பேரிலோ இருந்தால் நோட்டரி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், போகும் நாட்டு மொழியில் அதன் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். பாஸ்போர்ட், லைசென்ஸ், பதிவுச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்றால் இப்போதே திருத்துங்கள். பிறகு பானட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் தேடுங்கள். சுங்க அதிகாரி டார்ச் அடித்து அதைத்தான் படிப்பார். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருந்தால் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், எண்ணே தேய்ந்துபோகும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, போட்டோ எடுத்து, பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டியானால் சிக்கல் இங்கேதான் வெடிக்கும்.

இந்தியா, பாகிஸ்தான், எகிப்து மாதிரி நாடுகளுக்கு 'கார்னே' புத்தகம் வேண்டும். காரை அங்கேயே விற்றுவிட மாட்டீர்கள் என்பதற்கு மோட்டார் சங்கம் கொடுக்கும் உத்தரவாதம் அது. அதற்காக உங்களிடம் பிணைத்தொகை வாங்கிக்கொள்வார்கள். செல்லுபடி ஓராண்டு. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: நுழையும்போது அடித்துண்டையும், வெளியேறும்போது நடுத்துண்டையும் கிழித்துக்கொள்வார்கள். மேல்துண்டு புத்தகத்திலேயே நிற்கும், அதில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். வெளியேறும் முத்திரை இல்லாமல் கிளம்பினால் கணக்குப்படி கார் இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது, பிணைத்தொகை மாட்டிக்கொள்ளும். இமிகிரேஷனில் முத்திரை குத்தியதும் கேட்டைத் திறந்துவிடும் சாவடிகள் உண்டு. நீங்களே இறங்கிப்போய்ச் சுங்க அறையைத் தேடுங்கள். 'கார்னே இல்லாமலே நாலு நாடு சுற்றினேன்' என்பார்கள் சிலர். உண்மையாகவே இருக்கும், எல்லா நாடும் கேட்பதில்லை. உங்கள் பாதையில் ஒரே ஒரு நாடு கேட்டாலும் போதும், பயணம் அங்கே நின்றுவிடும்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியிலும் வகை உண்டு: 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி இன்னொன்று. ஜப்பான் 1949-ஐ மட்டும் ஏற்கும். சீனா இரண்டையுமே ஏற்காது, அங்கே உள்ளூர்த் தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். காப்பீட்டில், ஐரோப்பாவின் பச்சை அட்டை போன்ற ஏற்பாடுகள் எதிராளிக்கு ஏற்படும் நஷ்டத்தை மட்டும் பார்க்கும். உங்கள் காருக்கு விழும் அடிக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

இப்போது பட்டியலை எடுங்கள். நல்ல நிறுத்தம் என்பது எல்லைக்கோ உடம்புக்கோ எப்படியும் நிற்க வேண்டிய இடத்தின் பக்கத்தில் இருப்பது. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து பாமிர் நெடுஞ்சாலையில் தஜிகிஸ்தானுக்குப் போகும் பாதையைப் பாருங்கள். ஓஷ் சுமார் 1,000 மீட்டர் உயரம். சாரி-தாஷ் கிராமம் 3,170 மீட்டர். எல்லை 4,280 மீட்டர் உயரக் கிசில்-ஆர்ட் கணவாயில். அதைத் தாண்டி இறங்கினால் காராகுல் ஏரி, அதுவும் 3,900-க்கு மேலே. மேப்பில் பார்த்தால் ஓஷிலிருந்து காராகுல் ஒரே நாளில் முடிகிற தூரம்தான். முடித்தால் அன்றிரவு தலைவலியும் வாந்தியுமாகக் கிடப்பீர்கள், மோசமானால் உயிருக்கே ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்குச் சராசரியாக 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. ஆகவே சாரி-தாஷ் பக்கம் இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டும். அந்த ஆலாய் பள்ளத்தாக்கிலிருந்துதான் 7,134 மீட்டர் லெனின் சிகரம் முழுசாகத் தெரியும்! சுற்றியடித்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை. இரண்டு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே சுமார் 20 கி.மீ. ஆளில்லாத மலைச்சாலை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வெளியேறும் முத்திரை வாங்கியபின், எதிர்ச்சாவடி உங்களைத் திருப்பினால் திரும்பி வரவும் வழியில்லை. பாமிர் பகுதிக்கான தனி அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதா என்று ஓஷிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆப்பிரிக்காவில் கசுங்குலா எல்லையும் அப்படித்தான். 2021-இல் திறந்த 923 மீட்டர் ஆற்றுப் பாலம் போட்ஸ்வானாவையும் சாம்பியாவையும் இணைக்கிறது. முன்பு ஃபெர்ரிக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். போட்ஸ்வானா கரையில் சோபே வனவிலங்குப் பூங்கா, சாம்பியா கரையில் சுமார் 70 கி.மீ.யில் விக்டோரியா அருவி. எல்லைக்கு முன்னே ஒரு தங்கல், பின்னே ஒரு தங்கல்.

எல்லை நாளில் 150 கி.மீ.க்கு மேல் ஓட்டத் திட்டமிடாதீர்கள். காலையில் சாவடி திறக்கும்போதே போய் நில்லுங்கள். இரு பக்கமும் கடிகார நேரம் வேறாக இருக்கலாம், மதிய இடைவேளையும் வேறாக இருக்கலாம். மற்ற நாட்களில் மேப் செயலி ஆறு மணி நேரம் என்றால் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் ஓட்ட வேண்டாம்: விளக்கில்லாத லாரியும் சாலையில் படுத்திருக்கும் மாடும் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும். நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு. துவைக்க, டயர் காற்றுப் பார்க்க, ஏர் ஃபில்டர் தட்ட அந்த நாள் வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 'கொஞ்சம் தள்ளினால் எல்லையில் எல்லாம் நடக்கும்' என்று அறிவுரை சொல்பவர்கள்மேல் எனக்குக் கடுங்கோபம். நீங்கள் இன்று லஞ்சமாகத் தள்ளும் தொகை, நாளை பின்னால் குழந்தையோடு வரும் குடும்பத்துக்குக் கட்டணமாகிவிடுகிறது. காகிதம் சரியாக இருந்தால் ரசீது கேளுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து காத்திருங்கள். அதற்கும் சேர்த்துத்தான் எல்லை நாளில் 150 கி.மீ. போதும் என்றேன்.

இடப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போனால் உங்கள் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மறைப்பு ஸ்டிக்கர் கிடைக்கும், கையேட்டில் காட்டிய இடத்தில் ஒட்டுங்கள். ஸ்டியரிங் சாலையோரப் பக்கம் இருப்பதால் ஓவர்டேக் செய்யும்போது எதிர்ச்சாலை உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் 'போகலாம்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே வெளியே எடுப்பது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்னே எடுத்திருந்தால், ஊர் திரும்பியதும் காரைச் சுங்கத்திடம் காட்டி, கடைசிப் பக்கத்தில் 'வாகனம் இங்கே இருக்கிறது' என்று முத்திரை வாங்கிய பிறகு புத்தகத்தைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். பிணைத்தொகை அதன் பிறகுதான் கைக்கு வரும்.